புள்ளி வைத்ததும் வரும் பட்டியல்: எடிட்டரில் ஆட்டோகம்ப்ளீட் அமைப்பது எப்படி

நிரல் எழுதக் கற்பவர்கள் முதல் சில நாட்களிலேயே இதைப் பார்த்துவிடுவார்கள். மாறியின் பெயரை அடித்து ஒரு புள்ளி வைத்தால், கர்சருக்குக் கீழே சின்னதாக ஒரு பட்டியல் திறக்கும். அந்த மாறியை வைத்து என்னென்ன செய்யலாமோ அதெல்லாம் அதில் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மீதி எழுத்துகளை எடிட்டரே (நிரல் எழுதும் மென்பொருள்) போட்டுவிடும். இதுதான் ஆட்டோகம்ப்ளீட்.

சிலருக்கு இது சொன்னபடி கேட்கிறது. சிலருக்குப் பட்டியலே வருவதில்லை, வந்தாலும் சம்பந்தமில்லாத சொற்கள்தான். இத்தனைக்கும் இருவரும் ஒரே எடிட்டரை வைத்திருப்பார்கள். உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றி அந்தக் கருவிக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் வித்தியாசம். எந்த மொழி, எந்த பைத்தான், லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்கள்) எங்கே இருக்கின்றன என்று அதற்குத் தெரியாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பதைத்தான் செட்டப் என்கிறோம்.

சொல்லை மட்டும் பார்ப்பது, அர்த்தம் புரிந்து சொல்வது

எளிய வகையிலிருந்து தொடங்கலாம். திறந்திருக்கும் கோப்பில் ஏற்கெனவே உள்ள சொற்களைச் சேர்த்துவைத்து, நீங்கள் அடிக்கும் முதல் எழுத்துகளோடு பொருந்துவதைக் காட்டுவது. விம் எடிட்டரில் இதற்கு எதையும் நிறுவ வேண்டாம். இன்சர்ட் நிலையில் (எழுத்து அடிக்கும் நிலை) இரண்டு எழுத்து அடித்துவிட்டு கன்ட்ரோல் + என் அழுத்துங்கள், பட்டியல் வரும். இதற்கு மொழி எதுவென்றே தெரிய வேண்டியதில்லை. கட்டுரை எழுதும்போதும் வேலை செய்யும், கமென்ட்டில் (நிரலுக்குள் நாம் எழுதும் குறிப்பு) இருக்கும் சொல்லையும் எடுத்துக் கொடுக்கும். நீளமான மாறிப் பெயர்களை எழுத்துப்பிழை இல்லாமல் திரும்ப அடிக்க இதுவே போதும். பலர் இதை மட்டமாக நினைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு வகை நிரலைப் படித்து, ஒவ்வொரு பெயரும் எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற பட்டியலைத் தருகிறது. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் பேசிக் 1990களின் நடுவில் இன்டெல்லிசென்ஸ் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. இன்று ஆட்டோகம்ப்ளீட் என்றாலே பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோடு எடிட்டரில் இரண்டையும் அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் இடப்பக்கம் ஒரு குட்டிப் படம் இருக்கும். ஊதா நிறப் பெட்டி என்றால் ஃபங்ஷன் அல்லது மெத்தட், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு. ஏபிசி என்ற மூன்று எழுத்து மட்டும் இருந்தால் அது வெறும் சொல், கோப்பில் எங்கோ கண்ணில் பட்டது. மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதியிடமிருந்து பதில் வராதபோதுதான் விஎஸ் கோடு பொதுவாக இந்த வெறும் சொற்களுக்கு இறங்கிவருகிறது. ஆகவே புள்ளிக்குப் பிறகு ஏபிசியாகவே வரிசைகட்டினால், எங்கோ ஏதோ தெரியாமல் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு எப்படித் தெரிகிறது?

பைத்தான் கோப்பு ஒன்றைத் திறந்து, பெயர் என்ற மாறிக்கு மேற்கோள் குறிக்குள் "மலர்" என்று மதிப்பு கொடுங்கள். (பைத்தான் 3இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) அடுத்த வரியில் பெயர் என்று அடித்து ஒரு புள்ளி வையுங்கள். அப்பர், லோயர், ஸ்பிளிட், ரிப்ளேஸ், ஸ்டிரிப் என்று வரும். எல்லாம் எழுத்துச் சரத்தின் மீது செய்யக்கூடியவை. இப்போது "மலர்" என்பதை அழித்துவிட்டு 25 என்று மாற்றி, மறுபடி புள்ளி வைத்துப் பாருங்கள். ஸ்பிளிட் போய்விட்டது, பிட் லெங்த் போன்ற எண்ணுக்குரிய மெத்தடுகள் வந்துவிட்டன. நிரலை நீங்கள் இன்னும் ஒரு முறைகூட ஓட்டவில்லை. மேலே உள்ள வரியைப் படித்து, அந்த மாறியின் டைப் (எழுத்துச் சரமா, எண்ணா என்ற வகை) என்னவென்று கருவி ஊகித்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நீங்கள் புள்ளி வைத்து நிற்கும் அந்தக் கணத்தில் உங்கள் நிரல் பிழையான நிரல் என்பது. பெயர், ஒரு புள்ளி, அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. அப்படியே ஓட்டினால் பைத்தான் தொடரியல் பிழை என்று நின்றுவிடும். ஆட்டோகம்ப்ளீட் கருவி நிற்க முடியாது. பாதியில் நிற்கும் வரிகளையும் மூடாத அடைப்புக்குறிகளையும் சகித்துக்கொண்டு, மீதியிலிருந்து அர்த்தம் எடுக்க வேண்டும். அதுவும் அடுத்த எழுத்தை நீங்கள் அடிப்பதற்குள். வழக்கமான கம்பைலரை (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) எடுத்து எடிட்டருக்குள் அப்படியே செருகிவிட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். வாழ்த்து என்று பெயர் வைத்து, அதற்கு பெயர் என்ற ஒரே ஒரு பாராமீட்டர் (அழைப்பவர் கொடுக்கும் மதிப்புக்கான பெயர்) கொடுங்கள். ஃபங்ஷனுக்குள் பெயர் என்று அடித்துப் புள்ளி வைத்தால் உருப்படியாக ஒன்றும் வராது. இந்த ஃபங்ஷனை யார், எதைக் கொடுத்து அழைப்பார்கள் என்று அதற்குத் தெரியாது. எண்ணும் வரலாம், பைத்தான் லிஸ்டும் வரலாம். பாராமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைத்து எஸ்டிஆர் (எழுத்துச் சரம்) என்று டைப்பைக் குறித்துவிடுங்கள். மறுபடி புள்ளி வைத்தால் ஸ்பிளிட்டும் ஸ்டிரிப்பும் திரும்பி வந்துவிடும். டைப் ஹின்ட் எனப்படும் இந்த வசதி 2015இல் பைத்தான் 3.5 பதிப்போடு வந்தது. நிரல் ஓடும்போது பைத்தான் இதைச் சரிபார்ப்பதில்லை. படிப்பவருக்கும் இதுபோன்ற கருவிகளுக்கும்தான் இது. ஆட்டோகம்ப்ளீட் வராமல் தவிக்கும் பைத்தான்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது, இன்னொரு பிளகின் (எடிட்டரோடு சேர்க்கும் கூடுதல் கருவி) தேடாதீர்கள், ஃபங்ஷன்களுக்கு டைப் எழுதுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் தெரியவராதவையும் உண்டு. இணையத்திலிருந்து வந்த ஜேசன் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) தரவை லோட்ஸ் என்ற ஃபங்ஷனால் பிரித்தெடுத்தால், உள்ளே டிக்ஷனரி இருக்கிறதா லிஸ்ட் இருக்கிறதா என்பது நிரல் ஓடினால்தான் தெரியும். அங்கே பட்டியல் வராததற்குக் கருவியைத் திட்டிப் பயனில்லை.

இடையில் இருக்கும் லாங்குவேஜ் சர்வர்

முன்பு ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக இந்த அறிவைச் சுமக்க வேண்டியிருந்தது. 10 எடிட்டர், 10 மொழி என்றால் 100 பிளகின்கள். 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை அறிவித்தன, சுருக்கமாக எல்எஸ்பி. மொழியறிவு முழுக்க ஒரு தனி நிரலுக்குள் போய்விட்டது. அதுதான் லாங்குவேஜ் சர்வர். எடிட்டருக்கு அந்த சர்வரோடு பேசத் தெரிந்தால் போதும். 100 என்பது 20 ஆகிவிடும்.

சர்வர் என்றதும் இணையத்தில் எங்கோ இருப்பது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கணினியிலேயே பின்னணியில் ஓடும் நிரல் அது. கோப்பைத் திறந்ததும் எடிட்டர் அதைத் தட்டி எழுப்புகிறது. நீங்கள் அடிக்க அடிக்க மாற்றங்களை அனுப்புகிறது. புள்ளி வைத்ததும், "இந்தக் கோப்பு, இத்தனையாவது வரி, இத்தனையாவது இடம், இங்கே என்ன வரலாம்?" என்று கேட்கிறது. சர்வர் ஒரு பட்டியலைத் திருப்பி அனுப்ப, எடிட்டர் அதைத் திரையில் காட்டுகிறது.

இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் செட்டப்பில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பட்டியல் தோன்றும் விதம், எந்த விசையில் ஏற்பது போன்றவை எடிட்டரின் வேலை. பட்டியலில் என்ன இருக்கிறது என்பது சர்வரின் வேலை. எடிட்டருக்குள் பிளகினை மட்டும் போட்டுவிட்டு சர்வரை நிறுவ மறந்தவர்கள்தான் "எல்லாம் செய்தேன், ஒன்றும் வரவில்லை" என்பார்கள்.

பைத்தானுக்கு பைரைட், சி மற்றும் சி++ மொழிகளுக்கு எல்எல்விஎம் திட்டத்தின் கிளாங்டி, கோ மொழிக்கு கோபிளீஸ், ரஸ்ட்டுக்கு ரஸ்ட் அனலைசர் என்று பெரிய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்று இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் விஎஸ் கோடு வைத்திருந்தால் எதையும் தேட வேண்டாம். அது கூடவே வருகிறது.

விஎஸ் கோடும் பைத்தானும்

எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் பைத்தான் என்று தேடி, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதை நிறுவுங்கள். பைரைட்டை அடித்தளமாகக் கொண்ட பைலான்ஸ் அதோடு சேர்ந்தே வந்துவிடும். இதோடு முடிந்தது என்றுதான் பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. முக்கியமான இரண்டு காரியங்கள் இன்னும் பாக்கி.

ஒன்று, கோப்பைத் தனியாகத் திறக்காமல் ஃபோல்டரைத் திறப்பது. ஃபைல் மெனுவில் ஓப்பன் ஃபோல்டர் கொடுத்து ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரைக் காட்டுங்கள். அப்போதுதான் ஒரு கோப்பில் எழுதிய கிளாஸ் இன்னொரு கோப்பில் பட்டியலுக்கு வரும். முதன்முறை திறக்கும்போது இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று சொன்னால் எடிட்டர் கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்குப் போய் சில எக்ஸ்டென்ஷன்களை முடக்கிவிடும். உங்கள் சொந்த நிரல் என்றால் நம்பலாம். எங்கிருந்தோ இறக்கியது என்றால் யோசியுங்கள்.

இரண்டாவது, எந்த பைத்தான் என்று காட்டுவது. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சாதாரணம். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, நீங்கள் நிறுவியது ஒன்று, ப்ராஜெக்ட்டுக்கென உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (அதற்கு மட்டுமான தனி பைத்தான்) இன்னொன்று. டெர்மினலில் பிப் (லைப்ரரி நிறுவும் கருவி) மூலம், இணையத்திலிருந்து தரவு வாங்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைப் போட்டிருப்பீர்கள், அது மூன்றாவதற்குள் உட்கார்ந்திருக்கும். எடிட்டர் முதலாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிரல் டெர்மினலில் நன்றாக ஓடும், எடிட்டரிலோ இம்போர்ட் வரியின் கீழ் நெளிகோடு. சரி, என்ன செய்வது? கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (P) அழுத்தி (மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + பி) "பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்" என்ற கட்டளையைத் தேடி, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் பைத்தானைத் தேர்ந்தெடுங்கள். நெளிகோடு மறைந்தால் சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ரிக்வெஸ்ட்ஸ் என்று அடித்துப் புள்ளி வையுங்கள், கெட்டும் போஸ்ட்டும் வர வேண்டும்.

இன்னொரு பொறி: பழகிப் பார்க்கும் கோப்புக்கே ரிக்வெஸ்ட்ஸ் என்று பெயர் வைத்துவிடுவது. பைத்தானும் சர்வரும் லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே போய்ப் பார்க்கும்.

சி++ எழுதுகிறவர்களுக்கு

இங்கே கருவிக்குத் தெரிய வேண்டியது இன்னும் அதிகம். ஒரு சி++ கோப்பைத் தனியாக வைத்துப் பார்த்தால் அதன் அர்த்தம் முழுதாகத் தெரியாது. ஹெட்டர் கோப்புகள் எந்த ஃபோல்டரில், எந்த ஆண்டுத் தரநிலை, என்னென்ன மேக்ரோ என்பதெல்லாம் கம்பைல் கட்டளையில்தான் இருக்கிறது. அந்தக் கட்டளைகளை கம்பைல் கமாண்ட்ஸ் என்ற ஜேசன் கோப்பில் எழுதிவைத்தால் கிளாங்டி படித்துக்கொள்ளும். மூலக்கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு ஃபோல்டராகவும், அவற்றில் பில்ட் என்ற உள் ஃபோல்டர் இருந்தால் அதிலும் அது தேடும்.

இந்தக் கோப்பைக் கையால் எழுத வேண்டியதில்லை. பில்ட் செய்ய (நிரலைக் கம்பைல் செய்து ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவர) உதவும் சிமேக்கில் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற விருப்பத்தை இயக்கினால் அதுவே எழுதித் தரும். ஆனால் மேக்ஃபைல் அல்லது நிஞ்ஜா வழியாக பில்ட் செய்தால் மட்டுமே. வெறும் மேக் கட்டளை என்றால் பேர் (Bear) என்ற சிறு கருவி, பில்ட் ஓடுவதைக் கவனித்து எழுதிக் கொடுத்துவிடும். நாலு கோப்புள்ள பயிற்சி நிரலுக்கு இவ்வளவும் அதிகம். கம்பைல் ஃப்ளாக்ஸ் என்ற உரைக்கோப்பில் வரிக்கு ஒரு ஃப்ளாக் எழுதிவைத்தாலே கிளாங்டிக்குப் போதும். விஎஸ் கோடில் கிளாங்டி எக்ஸ்டென்ஷனையும் மைக்ரோசாஃப்ட்டின் சி++ இன்டெல்லிசென்ஸையும் ஒருசேர ஓடவிடாதீர்கள். ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை வரும்.

விம், நியோவிம், இமேக்ஸ்

விம் 2006இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்தே ஆம்னி கம்ப்ளீஷன் என்ற வசதியை வைத்திருக்கிறது. கன்ட்ரோல் + எக்ஸ், தொடர்ந்து கன்ட்ரோல் + ஓ. இன்னும் ஆழமான மொழியறிவோடு வேண்டுமென்றால் யூகம்ப்ளீட்மீ என்ற பிளகின் நெடுநாளாகப் பிரபலம். இரண்டு எழுத்து அடித்ததுமே தானாகப் பட்டியல் திறக்கும். ஆனால் மற்ற பிளகின்கள் போல இறக்கிவைத்தால் மட்டும் ஓடாது. அதன் ஒரு பகுதியை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு சிமேக், ஒரு சி++ கம்பைலர், பைத்தான் 3 ஆதரவோடு கட்டப்பட்ட விம் மூன்றும் தேவை. நிறுவும் ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போதே எந்த மொழிகள் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு, சி++ ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. கோக் என்ற இன்னொரு பிளகினுக்கு நோட் ஜேஎஸ் வேண்டும். அது இருந்தால் நிறுவுவது எளிது.

புதிதாகத் தொடங்குகிறவர்களை நான், விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம் பக்கம்தான் அனுப்புவேன். 2021இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து எல்எஸ்பி பேசும் திறன் அதற்குள்ளேயே இருக்கிறது, 2025இன் 0.11 பதிப்பில் அமைப்பது சில வரிகளாகச் சுருங்கிவிட்டது. சர்வரைத் தனியாக நிறுவ மறக்கக் கூடாது, அவ்வளவுதான். இமேக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு 2023இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து எல்எஸ்பி பேசும் எக்லாட் கூடவே வருகிறது. சப்லைம் டெக்ஸ்ட்டில் பேக்கேஜ் கன்ட்ரோல் வழியாக எல்எஸ்பி பேக்கேஜைப் போட்டுக்கொள்ளலாம்.

கைக்குப் பழக்குவது

பட்டியல் தானாக வராதபோது கூப்பிட, விஎஸ் கோடில் கன்ட்ரோல் + ஸ்பேஸ். தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிக்கும் நமக்கு மேக்கில் இங்கே ஒரு தொல்லை: அதே விசைகள் அங்கே உள்ளீட்டு மொழியை மாற்றும். பட்டியலுக்குப் பதில் விசைப்பலகை தமிழுக்குத் தாவினால் பயப்பட வேண்டாம், இரண்டில் ஒன்றுக்கு வேறு விசையை ஒதுக்கிவிடுங்கள்.

முழுப் பெயரையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதில்லை. கெட், லைன், நம்பர் என்ற மூன்று சொல் சேர்ந்த ஃபங்ஷன் பெயருக்கு மூன்றின் முதல் எழுத்துகளை மட்டும் அடித்தாலே அது பட்டியலில் மேலே வந்துவிடும். இது கைவந்தபின் நீளமான பெயர் வைக்கத் தயங்கமாட்டீர்கள்.

என்டர் விசைதான் புதியவர்களை அதிகம் எரிச்சலூட்டுவது. அடுத்த வரிக்குப் போக என்டர் அழுத்தினால், திறந்திருந்த பட்டியலின் முதல் பெயர் உள்ளே விழுந்துவிடும். ஏற்பதற்கு டேப் மட்டும் போதும் என்று செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். அக்செப்ட் சஜஷன் ஆன் என்டர் என்று தேடுங்கள். நான் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் முதலில் அணைப்பது இதைத்தான்.

பெயரை ஏற்றுக்கொண்டபின் அடைப்புக்குறி திறந்தால், என்னென்ன பாராமீட்டர், எந்த வரிசையில் என்று ஒரு குறிப்பு வரும். மறைந்துவிட்டால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ் அதைத் திரும்பக் கொண்டுவரும். பட்டியல் திறந்திருக்கும்போதே கன்ட்ரோல் + ஸ்பேஸை மறுபடி அழுத்தினால் பக்கத்தில் விளக்கப் பெட்டி விரியும். கற்கும் காலத்தில் ஆட்டோகம்ப்ளீட்டை அணைத்துவைக்க வேண்டும் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த விளக்கப் பெட்டியைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுப்பவர் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

தேர்ந்தெடுத்ததும் இம்போர்ட் வரியையும் சேர்த்து எழுதிவிடும் வசதி இருக்கிறதே, அதில் மட்டும் கண் வேண்டும். ஜாவாவில் லிஸ்ட் என்று அடித்தால் இரண்டு வரும். ஜாவா யூட்டில் பேக்கேஜில் இருப்பது நாம் தினமும் பயன்படுத்தும் பட்டியல். ஜாவா ஏடபிள்யூடியில் இருப்பது ஜன்னலில் காட்டும் பட்டியல் பெட்டி. அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டைப்பைக் கோண அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் கம்பைலர் ஏன் ஏற்கவில்லை என்று குழம்பவேண்டியிருக்கும். பெயருக்கு வலப்பக்கம் மங்கலாக பேக்கேஜ் பெயர் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு டேப் அழுத்துங்கள்.

சாம்பல் நிறத்தில் வரும் வரிகள்

இப்போது பல எடிட்டர்களில் பட்டியலோடு சேர்த்து, கர்சருக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் முழு வரியோ பல வரிகளோ தோன்றுகின்றன. 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட் இதைப் பரவலாக்கியது. இது வேறு ரகம். மேலே சொன்ன சர்வர், இருப்பதைத் தேடிப் பட்டியலிடுகிறது. இதுவோ ஏராளமான நிரல்களைப் பார்த்துப் பழகிய லாங்குவேஜ் மாடல், அடுத்து என்ன வரக்கூடும் என்று ஊகிக்கிறது. அதனால் லைப்ரரியில் இல்லவே இல்லாத மெத்தடைக்கூட வெகு நம்பிக்கையாக எழுதிக் காட்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் நீங்களே ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். பட்டியலில் அந்தப் பெயர் இல்லையென்றால் ஏற்காதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை உங்கள் நிரலின் ஒரு பகுதியை வெளியிலுள்ள சர்வருக்கு அனுப்பித்தான் பதில் வாங்குகின்றன. அலுவலக நிரல் என்றால் அனுமதி கேட்டுவிட்டு இயக்குங்கள். கடவுச்சொல் உள்ள கோப்புகளுக்கு இயக்கவே வேண்டாம்.

ஒன்றுமே வரவில்லை என்றால்

முதலில் விஎஸ் கோடின் வலது கீழ்மூலையைப் பாருங்கள். அங்கே ப்ளெயின் டெக்ஸ்ட் என்று இருந்தால் கோப்பை இன்னும் சேமிக்கவில்லை, அல்லது விரிவுப்பெயர் தவறு. சில சமயம் கோளாறே இருக்காது: கமென்ட்டுக்குள்ளும் மேற்கோளுக்குள்ளும் பட்டியல் தானாக வராதபடிதான் வைத்திருக்கிறார்கள். மொழி சரியாக இருந்து, நேற்றுவரை வந்தது இன்று வரவில்லை என்றால் சர்வரை மறுபடி தொடங்கிப் பாருங்கள். பைத்தானுக்கு ரீஸ்டார்ட் லாங்குவேஜ் சர்வர் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. யூகம்ப்ளீட்மீயில் ஒய்சிஎம் ரீஸ்டார்ட் சர்வர்.

அப்போதும் வராவிட்டால் பதிவுக்குறிப்பைத் திறக்க வேண்டியதுதான். விஎஸ் கோடில் அவுட்புட் பேனலைத் திறந்து, வலப்பக்கம் உள்ள கீழிறங்கும் பெட்டியில் உங்கள் மொழியின் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். நியோவிமில் செக்ஹெல்த், யூகம்ப்ளீட்மீயில் ஒய்சிஎம் டீபக் இன்ஃபோ. அங்கே சர்வர் எந்த ஃபோல்டரை ப்ராஜெக்ட் என்று எடுத்துக்கொண்டது, எந்த பைத்தானைப் பார்க்கிறது, எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் எழுதியிருக்கும். பாதையைப் படித்தாலே பல நேரம் விஷயம் புரிந்துவிடும்; நீங்கள் நினைத்த ஃபோல்டர் ஒன்று, அது பார்க்கும் ஃபோல்டர் வேறொன்றாக இருக்கும். பெரிய ப்ராஜெக்ட்டை முதன்முறை திறந்திருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். சர்வர் எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை படித்து முடிக்கும்வரை பட்டியல் அரைகுறையாகத்தான் வரும்.